‘ஹேங் ஆயிடுச்சு’: பொருளும் பயன்பாடும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கணினியோ போனோ சொன்ன பேச்சைக் கேட்காமல் போனால் நம் வாயில் முதலில் வருவது ‘ஹேங்’தான். திரை அசையாவிட்டாலும் ஹேங், ஆப் தானாக மூடிக்கொண்டாலும் ஹேங், இணையதளம் திறக்காவிட்டாலும் ஹேங். பேச்சுக்கு இது போதும். ஆனால் அடுத்து என்ன செய்வது என்று வரும்போது இந்த ஒரே சொல் நம்மைத் தவறான பக்கம் தள்ளிவிடுகிறது. பொறுத்திருக்க வேண்டிய நேரத்தில் சுவிட்சை அணைக்கிறோம். உடனே அணைக்க வேண்டிய நேரத்தில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறோம். செய்த வேலை கைவிட்டுப் போவது பெரும்பாலும் அந்தச் சில நிமிடங்களில்தான். அதனால் ஹேங் என்ற சொல்லையும் அதைச் சுற்றியுள்ள மற்றச் சொற்களையும் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஹேங் என்றால் சரியாக என்ன?

புரோகிராம் உயிரோடு இருக்கிறது, பதில்தான் சொல்லவில்லை. அதுதான் ஹேங். ஜன்னல் திரையிலேயே நிற்கும். கிளிக் செய்தால் ஒன்றும் நடக்காது. தட்டிய எழுத்து வராது. ஆனால் நினைவகத்தில் அது பிடித்துவைத்த இடம் அப்படியே இருக்கிறது. நீங்கள் சேமிக்காமல் விட்ட கடைசி இரண்டு பத்திகளும் அதற்குள்தான் இருக்கின்றன. இதை மறக்கவே கூடாது. ஹேங் ஆன புரோகிராம் மீண்டு வர வாய்ப்பு உண்டு. வந்துவிட்டால் ஒன்றும் நஷ்டமில்லை.

அப்படியானால் கிராஷ்?

கிராஷ் ஆனால் அந்தப் புரோகிராமின் கதை முடிந்தது. செய்யக் கூடாத ஒன்றைச் செய்யப் போயிருக்கும். இயங்குதளம் (விண்டோஸ், ஆண்ட்ராய்டு போன்ற அடிப்படை மென்பொருள்) அதை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டது. அடிக்கடி நடக்கும் குற்றம், தனக்குச் சொந்தமில்லாத நினைவகப் பகுதியைத் தொட முயல்வது. ஜன்னல் சட்டென்று காணாமல் போகும், அல்லது ‘எதிர்பாராமல் நின்றுவிட்டது’ என்று ஒரு பெட்டி வரும். போனில் என்றால் ஆப் மூடிக்கொண்டு முகப்புத் திரை வந்து நிற்கும். புரோகிராம் வைத்திருந்த நினைவகம் உடனே பிறருக்குக் கொடுக்கப்பட்டுவிடும். சேமிக்காதது அத்தோடு சரி.

தானாகச் சேமிக்கப்பட்ட பிரதி ஏதாவது இருந்தால் அது மட்டும்தான் துணை. வேர்டு போன்ற மென்பொருள்கள் வட்டில் (டிஸ்கில்) வைத்திருக்கும் கோப்பைத் திறந்து வேலை செய்யும்போது, வழக்கமான அமைப்பில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை மீட்புப் பிரதி ஒன்றை எடுத்துவைக்கும். கிராஷுக்குப் பிறகு வேர்டைத் திறந்தால் இடது பக்கத்தில் மீட்கப்பட்ட கோப்புகளின் பட்டியல் வரும். பலர் அவசரத்தில் அந்தப் பட்டியலை மூடிவிடுகிறார்கள். மூடாதீர்கள். ஒவ்வொன்றையும் திறந்து, வேறு பெயரில் சேமித்த பிறகு மூடலாம்.

‘ஹேங் ஆகுது’, ‘ஹேங் ஆயிடுச்சு’ இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. இரண்டையும் வேறு வேறு பொருளில்தான் பேசுகிறோம், அது நமக்கே தெரிவதில்லை.

“போன் ஹேங் ஆகுது” என்று ஒருவர் சொன்னால், போன் இப்போது வேலை செய்துகொண்டுதான் இருக்கும். அடிக்கடி திணறுகிறது, தொட்டால் தாமதமாகத் திறக்கிறது, நடுவில் நின்று நின்று போகிறது என்பதுதான் அவர் சொல்ல வருவது. பல நாளாக இருக்கும் பழக்கம் அது. “போன் ஹேங் ஆயிடுச்சு” என்றால் இந்த நிமிடம் திரை அசையவில்லை. முதலாவதுக்குக் காரணம் பெரும்பாலும் இடமின்மை: சேமிப்பகம் நிரம்பி வழிகிறது, நினைவகம் பத்தவில்லை, அல்லது பழைய கருவியில் கனமான புதிய ஆப். இரண்டாவதுக்கு எந்த ஆப் திறந்திருந்தது, அதில் எதைத் தொட்டபோது நின்றது என்று பார்க்க வேண்டும். பழுது பார்ப்பவர் ஒன்றைக் கேட்டு மற்றதைத் தேடினால் இருவருக்கும் நேரம் வீண்.

மூன்றாவதாக “ஹேங் பண்ணுது” என்ற வடிவமும் உண்டு. “இந்த ஆப் போனையே ஹேங் பண்ணுது” என்றால் குற்றவாளி யார் என்று சொல்பவருக்கே தெரிந்திருக்கிறது. ‘ஆகு’வும் ‘பண்ணு’வும் கடன் சொல்லைக்கூட எவ்வளவு அழகாகத் தன்வினை பிறவினை ஆக்கிவிடுகின்றன பாருங்கள்.

‘பதிலளிக்கவில்லை’ என்று வந்தவுடன் மூடிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். அந்த அறிவிப்பு எப்படி வருகிறது என்று தெரிந்தால் ஏன் என்று புரியும்.

நீங்கள் செய்யும் ஒவ்வொரு கிளிக்கும், அழுத்தும் ஒவ்வொரு விசையும் ஒரு செய்தியாகப் புரோகிராமின் வரிசையில் போய் நிற்கும். புரோகிராம் ஒவ்வொன்றாக எடுத்துக் கவனிக்க வேண்டும். 5 நொடி வரை அது வரிசைப் பக்கமே எட்டிப் பார்க்காவிட்டால் விண்டோஸ் அதை ஹேங் என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அப்போது நீங்கள் பார்க்கும் அந்த வெளிறிய ஜன்னல், புரோகிராமின் உண்மையான ஜன்னலே இல்லை. விண்டோஸ் அதன் பிரதி ஒன்றை முன்னால் நிறுத்தி, தலைப்பில் ‘பதிலளிக்கவில்லை’ என்று சேர்த்துவிடுகிறது. நகர்த்தவும் சிறிதாக்கவும் மூடவும் நமக்கு வழி இருக்கட்டும் என்பதற்காக. உள்ளே புரோகிராம் பெரிய கோப்பு ஒன்றைச் சேமித்துக்கொண்டிருக்கலாம். ஆண்ட்ராய்டிலும் திரையைத் தொட்டு 5 நொடிக்குள் ஆப் பதில் தராவிட்டால் ‘காத்திரு’, ‘மூடு’ என்று கேட்கும் பெட்டி வரும். மேக்கில் வண்ணச் சக்கரம் சுற்றும்.

ஆக, இந்த அறிவிப்பு ஓர் ஊகம்தான். வேலையில் மூழ்கியிருக்கிறதா, மீளவே முடியாமல் மாட்டிக்கொண்டதா என்று எல்லாப் புரோகிராமுக்கும் பொருந்தும்படி கண்டுபிடித்துச் சொல்லும் வழிமுறை இருக்கவே முடியாது என்பதை கணிதவியலாளர் ஆலன் டூரிங் 1936-இலேயே கணித ரீதியாக நிறுவிவிட்டார். இயங்குதளத்துக்குத் தெரியாததை நாம்தான் அக்கம் பக்கம் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

எங்கே பார்ப்பது? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அந்தப் புரோகிராமின் வரியில் வட்டுப் பயன்பாடும் நினைவக எண்ணும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் உள்ளே ஏதோ நடக்கிறது, விட்டுவிடுங்கள். எல்லா எண்ணும் பூஜ்யத்திலேயே சில நிமிடங்கள் நின்றால் அது எதற்காகவோ காத்துக் கிடக்கிறது, அந்த ‘எதுவோ’ வராமலே போகலாம். செயலி (சிபியு) எண் மட்டும் ஒரே அளவில், எட்டு கோர் (கணக்கிடும் பிரிவு) கொண்ட கணினியில் ஒன்று மட்டும் முழுதாக ஓடும் அளவான சுமார் 12, 13 சதவீதத்தில், அசையாமல் நின்று, வட்டில் எந்த நடமாட்டமும் இல்லை என்றால் முடிவில்லாச் சுழற்சி என்று சந்தேகப்படலாம். கணக்கீடு அதிகம் கேட்கும் வேலை கொடுத்திருந்தால் மட்டும் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம்.

சேமிக்காத வேலை உள்ளே இருந்தால் பத்து நிமிடம் எழுந்து போய்விட்டு வாருங்கள் என்பதுதான் என் ஆலோசனை. இல்லாவிட்டால் உடனே மூடினாலும் பரவாயில்லை. ஆனால் காத்திருக்கும்போது கோபத்தில் கிளிக் செய்துகொண்டே இருக்காதீர்கள். எல்லாக் கிளிக்கும் வரிசையில் சேரும். புரோகிராம் மீண்டு வந்ததும் அத்தனையையும் ஒரே மூச்சில் நிறைவேற்றும். அதில் ஒன்று ‘அழி’ பொத்தானாக இருந்துவிட்டால் வம்பு.

ஹேங் ஏன் ஆகிறது?

காரணம் பல. மூன்றைப் புரிந்துகொண்டால் பெரும்பாலானவை அடங்கிவிடும்.

ஒன்று, நினைவகம் நிரம்புவது. ரேமில் இடம் தீர்ந்ததும் இயங்குதளம் அப்போதைக்குத் தேவையில்லாதவற்றை வட்டில் கொண்டுபோய் வைக்கும். கேட்டால் திரும்ப எடுத்து வரும். ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறக்குறைய 100 நானோ நொடி என்றால், சுழலும் ஹார்டு டிஸ்கிலிருந்து எடுக்க ஏறக்குறைய 10 மில்லி நொடி. ஒரு லட்சம் மடங்கு. சுழலும் தட்டு இல்லாத புதுவகை வட்டான எஸ்எஸ்டி என்றாலும் ஆயிரம் மடங்கு அளவில் மெதுவாகத்தான் வரும். பிரவுசரில் நாற்பது டேப் திறந்து வைத்துவிட்டு ஒரு வீடியோ தொகுப்பு மென்பொருளையும் திறந்தால், கணினி தன் நேரம் முழுவதையும் ரேமுக்கும் வட்டுக்கும் இடையில் சாமான் தூக்குவதிலேயே செலவழிக்கும். தொட்டதெல்லாம் அரை நிமிடம் கழித்து நகரும். இதைத்தான் ‘ஹேங் ஆகுது’ என்கிறோம்.

இரண்டு, பரஸ்பரக் காத்திருப்பு. பொறியாளர்கள் இதை டெட்லாக் என்பார்கள். குறுகிய சந்தில் எதிரெதிரே வந்த இரண்டு வண்டிகள், ‘நீ பின்னால போ’ என்று ஒன்றையொன்று பார்த்து நிற்பதுதான் இது. ஒரு பணி கோப்பைப் பிடித்துக்கொண்டு அச்சுப்பொறிக்காகக் காத்திருக்கிறது. இன்னொன்று அச்சுப்பொறியைப் பிடித்துக்கொண்டு அதே கோப்புக்காகக் காத்திருக்கிறது. இரண்டும் பிழையே செய்யவில்லை, இருந்தும் இரண்டும் நகராது. எவ்வளவு நேரம் பொறுத்தாலும் தீராத ஹேங் இது.

மூன்று, வெளியிலிருந்து வர வேண்டிய பதில் வராதது. நெட்வொர்க் வட்டில் உள்ள கோப்பைத் திறக்கச் சொன்னீர்கள், நெட் போய்விட்டது. நன்றாக எழுதிய மென்பொருள் இதற்குக் கால வரம்பு வைத்து ‘கிடைக்கவில்லை’ என்று சொல்லிவிடும். அப்படி எழுதாதது வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும். கணினியில் கோளாறே இல்லாமல் ஹேங் ஆகும் சந்தர்ப்பம் இது. செருகி வைத்த பென்டிரைவையோ, நெட் கேபிளையோ கழற்றியதும் சட்டென்று உயிர் வந்தால் காரணம் அங்கேதான்.

ஒரு புரோகிராம் மட்டும் ஹேங் ஆனதா, முழுக் கணினியுமா? எப்படிக் கண்டுபிடிப்பது?

கேப்ஸ் லாக் விசையை அழுத்துங்கள். அதன் சிறு விளக்கு எரிந்து அணைந்தால் இயங்குதளம் உங்கள் விசைப்பலகையைக் கவனிக்கிறது. மேலே இருக்கும் புரோகிராமோ திரைப் பகுதியோதான் மாட்டிக்கொண்டது. விளக்கு அசையவே இல்லை, மவுஸ் அம்பும் நகரவில்லை என்றால் முழுக் கணினியும் நின்றுவிட்டது.

திரை மட்டும் உறைந்திருக்கிறது, பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் விண்டோஸ் 10, 11-இல் ஒரு நல்ல வழி உண்டு. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் விசைகளோடு ‘B’ விசையையும் சேர்த்து அழுத்தினால் திரையில் படம் காட்டும் மென்பொருளான கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். ‘பீப்’ என்று ஒரு சத்தம் கேட்கும், திரை ஒருமுறை கருத்துத் திரும்பும். திறந்திருந்த எதுவும் மூடாது. பலருக்கு இது தெரிவதில்லை. நேராகப் பவர் பொத்தானுக்குப் போய்விடுகிறார்கள். மேக்கில் ஒரு புரோகிராமை மட்டும் மூட கமாண்ட், ஆப்ஷன், எஸ்கேப்.

எதற்கும் மசியவில்லையா? பவர் பொத்தானை 10 நொடி அழுத்திப் பிடிப்பதுதான் கடைசி வழி. வட்டு விளக்கு மின்னிக்கொண்டிருக்கும்போது இதைச் செய்யாதீர்கள். இன்றைய கோப்பு முறைமைகள் தங்கள் கணக்கைத் தாங்களே சரிசெய்துகொள்ளும் திறன் கொண்டவைதான். ஆனால் அந்த நொடியில் பாதி எழுதப்பட்டிருந்த உங்கள் கோப்புக்கு உத்தரவாதம் கிடையாது.

நீலத் திரை வந்தால் அது ஹேங்கா, கிராஷா?

கிராஷ். அதுவும் இயங்குதளமே கிராஷ் ஆவது. விண்டோஸின் மையப் பகுதி, தொடர்ந்து ஓடினால் கோப்புகள் கெட்டுவிடும் என்று கருதும்படியான ஒரு தவறைக் கண்டதும் வேண்டுமென்றே எல்லாவற்றையும் நிறுத்துகிறது. திரையில் வரும் நிறுத்தக் குறியீடுதான் அடுத்த கட்டத்துக்கான திறவுகோல். போனில் ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், கணினி மறுபடி தொடங்கியதும் அது போய்விடும். நீலத் திரையில் சோக முகம் 2012-இல் விண்டோஸ் 8-உடன் வந்தது. 2025-இல் விண்டோஸ் 11-இல் நீலமே கறுப்பாகிவிட்டது. மேக்கிலும் லினக்ஸிலும் இதற்குக் கெர்னல் பேனிக் என்று பெயர்.

2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்க நடந்ததும் இதுதான். கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு புதுப்பிப்புக் கோப்பு போனது. மென்பொருளுக்கு 20 மதிப்புகள் தரப்பட்டிருந்த இடத்தில், புதிய கோப்பு 21-ஆவது மதிப்பையும் பார்க்கச் சொன்னது. இல்லாத அந்த மதிப்பைத் தேடி அது தனக்கு ஒதுக்கப்படாத நினைவகத்துக்குள் கால் வைத்தது. சாதாரண புரோகிராம் என்றால் அது மட்டும் செத்திருக்கும். இது இயங்குதளத்தின் மையத்துக்குள் ஓடும் மென்பொருள், அதனால் விண்டோஸே விழுந்தது. மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டில் சுமார் 85 லட்சம் கணினிகள். விமான நிலையங்கள், வங்கிகள், மருத்துவமனைகள் எல்லாம் தடுமாறின. தவறான கோப்பு ஒன்றரை மணி நேரத்துக்குள் திரும்பப் பெறப்பட்டும் பயனில்லை. விழுந்த கணினிகளில் பல, தொடங்கும்போதே மறுபடி விழுந்ததால், ஆட்கள் ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து சேஃப் மோடில் (அவசியமான பகுதிகளோடு மட்டும் தொடங்கும் முறையில்) அந்தக் கோப்பைக் கையால் நீக்க வேண்டியிருந்தது.

அன்றைக்கு நடந்ததை ‘சர்வர் ஹேங்’ என்று சொன்னவர்கள் பலர். ஹேங்காக இருந்திருந்தால் பொறுத்திருந்தாலே ஒருவேளை சரியாகியிருக்கும்.

ஒரே ஓர் எழுத்து போனைக் கிராஷ் ஆக்குமா?

ஆக்கியிருக்கிறது. 2018 பிப்ரவரியில், தெலுங்கின் ‘ஜ்ஞா’ கூட்டெழுத்தின் ஒரு குறிப்பிட்ட வடிவம் ஐபோனில் வந்தால், அதைக் காட்ட முயன்ற ஆப் கிராஷ் ஆனது. திறந்தால் மறுபடி அதே எழுத்து, மறுபடி கிராஷ். எழுத்துகளை இணைத்து வரையும் மென்பொருள் பகுதியில் இருந்த பிழை அது. சில நாட்களில் ஆப்பிள் ஐஓஎஸ் 11.2.6 புதுப்பிப்பில் சரிசெய்தது. நம் பக்கத்து மொழியின் இயல்பான கூட்டெழுத்து, கோடிக்கணக்கானோர் எழுதும் எழுத்து, சோதனையில் அகப்படாமல் வெளிவந்திருக்கிறது. இந்திய எழுத்துகளை ஓரத்து விஷயமாக நினைத்து மென்பொருள் எழுதக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

‘சர்வர் டவுன்’ என்பது?

உங்கள் கருவி நன்றாக இருக்கிறது, நெட்டும் இருக்கிறது, மறுமுனையில் ஆள் இல்லை. அதுதான் டவுன். 500, 502, 503, 504 போன்ற எண்கள் வந்தால் தவறு அவர்கள் பக்கம். நீங்கள் போனை அணைத்துப் போடுவதால் எதுவும் மாறாது. 404 இதில் சேராது. சர்வர் ஓடுகிறது, நீங்கள் கேட்ட பக்கம்தான் இல்லை.

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஏறக்குறைய 6 மணி நேரம் டவுன். பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை அவர்களின் தரவு மையங்களை இணைக்கும் வலையமைப்பைத் துண்டித்துவிட்டது. அதைத் தொடர்ந்து அவர்களின் முகவரிகளே இணையத்தில் யாருக்கும் தெரியாமல் போயின. அன்று எத்தனையோ பேர் ஆப்பை நீக்கித் திரும்ப நிறுவினார்கள். இல்லாத கோளாறைத் தேடிய வேலை அது.

செய்தித்தாள்கள் இதற்கு ‘முடங்கியது’ என்று எழுதுகின்றன. நல்ல சொல். ஆனால் ‘முடங்கியது’ வேறு, ‘முடக்கப்பட்டது’ வேறு. இணையதளம் முடங்கியது என்றால் தானாக நின்றது. இணையதளம் முடக்கப்பட்டது என்றால் யாரோ நிறுத்தினார்கள்: அரசு தடை செய்திருக்கலாம், ஊடுருவியவர்கள் செய்திருக்கலாம். வங்கிக் கணக்கு முடக்கம் என்பதும் இந்த இரண்டாம் வகை. ஒரே செய்தியில் தலைப்பு ஒன்றும் உடல் இன்னொன்றும் சொல்வதை அடிக்கடி பார்க்கிறேன். எழுதுபவர்கள் கவனிக்க வேண்டும்.

‘ஹார்டு டிஸ்க் கிராஷ்’ என்கிறார்களே, அதுவும் புரோகிராம் கிராஷ் போலத்தானா?

இது முற்றிலும் வேறு, இதில்தான் ஜாக்கிரதை மிகத் தேவை. சுழலும் ஹார்டு டிஸ்கில் தகவலைப் படிக்கும் முனை தட்டைத் தொடுவதே இல்லை. தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத உயரத்தில் காற்றில் மிதக்கிறது. கீழே தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கிறது. அதிர்ச்சியாலோ தூசியாலோ முனை தட்டில் மோதினால் தகவல் பதிந்திருக்கும் பூச்சே சுரண்டப்படும். இங்கே கிராஷ் என்பது நிஜமாகவே மோதல்.

‘டக், டக்’ என்று ஒரே சீராகச் சத்தம் வந்தால், கோப்புகள் முக்கியமென்றால், உடனே அணையுங்கள். மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு சுழற்சியிலும் இன்னும் கொஞ்சம் சுரண்டப்படலாம். தரவு மீட்பில் பழகியவரிடம் அணைத்த நிலையிலேயே கொண்டுபோவது நல்லது. எஸ்எஸ்டியில் முனையும் தட்டும் கிடையாது. அது சாகும்போது சத்தமே இல்லாமல் சாகும், ஆகவே இரண்டாவது பிரதி அங்கே இன்னும் அவசியம்.

ரீஸ்டார்ட் செய்தால் ஏன் சரியாகிவிடுகிறது?

ஓடிக்கொண்டே இருக்கும் மென்பொருள் சிறுகச் சிறுகக் குப்பை சேர்க்கும். எடுத்த நினைவகத்தைத் திருப்பித் தராத புரோகிராம், மூடாமல் விட்ட இணைப்பு, ஏறிக்கொண்டே போகும் எண். ரீஸ்டார்ட் எல்லாவற்றையும் தொடக்க நிலைக்குக் கொண்டுவருகிறது. விண்டோஸ் 95 தொடர்ந்து 49.7 நாள் ஓடினால் ஹேங் ஆகிவிடும் ஒரு பிழை இருந்தது. மில்லி நொடிகளை எண்ணும் எண்ணி சுமார் 429 கோடிக்கு மேல் எண்ண முடியாமல் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடுவதுதான் காரணம். போயிங் 787 விமானத்திலும் இந்த வகைப் பிழை இருந்தது: மின்னாக்கிகளைக் கட்டுப்படுத்தும் கருவிகள் 248 நாள் அணைக்கப்படாமல் ஓடினால் மின்சாரமே போய்விடலாம் என்று 2015-இல் அமெரிக்க விமானத் துறை எச்சரித்து, அதற்குள் அணைத்துப் போடச் சொன்னது.

ரீஸ்டார்ட்டைக் கேவலமாக நினைக்க வேண்டியதில்லை. 1969 ஜூலை 20 அன்று அப்பல்லோ 11 நிலவில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே அதன் கணினி வேலைப் பளு தாங்காமல் 1202 என்ற எச்சரிக்கை காட்டியது. ஒவ்வொரு முறையும் அது தன்னைத் தானே புதிதாகத் தொடங்கி, அவசியமில்லாத வேலைகளைக் கைவிட்டு, இறங்கும் வேலையை மட்டும் விடாமல் தொடர்ந்தது. அப்படித்தான் அதை வடிவமைத்திருந்தார்கள். அந்தப் பொறியாளர்களை நினைத்தால் இன்றும் மரியாதை கூடுகிறது.

அப்புறம், ஷட் டவுன் செய்து மறுபடி போடுவதும் ரீஸ்டார்ட்டும் விண்டோஸில் ஒன்றல்ல. விண்டோஸ் 8 முதல், வேகமாகத் தொடங்குவதற்காக, ஷட் டவுன் செய்யும்போது மையப் பகுதியின் நிலையை வட்டில் எழுதிவைத்து அடுத்த முறை அதையே எடுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. பழைய குப்பையும் கூடவே வரும். பிரச்சினை இருந்தால் ‘ரீஸ்டார்ட்’ என்பதையே அழுத்துங்கள்.

பக், எரர், கோளாறு, பழுது, மக்கர்: எதை எங்கே சொல்வது?

பக் என்பது மென்பொருளில் எழுதியவர் விட்ட தவறு. ஹேங்கும் கிராஷும் அதன் விளைவுகளாக இருக்கலாம். 1947-இல் ஹார்வர்டு மார்க் 2 கணினியின் ரிலே (மின்சுவிட்ச்) ஒன்றில் அந்துப்பூச்சி சிக்கியதும், அதைக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்ததும் உண்மைதான். ஆனால் பொறியாளர்கள் அந்தச் சொல்லை அதற்கு வெகு முன்பே வழங்கிவந்தார்கள். எடிசனின் 1878 கடிதத்திலேயே இருக்கிறது. தமிழ்க் கணிமைக்காரர்கள் பக்கை ‘வழு’ என்கிறார்கள். திணை வழு, பால் வழு, கால வழு என்று நம் இலக்கணத்தில் பழகிய சொல். இலக்கணத்தில் ‘வழுவமைதி’யும் உண்டு: தவறுதான், ஆனால் காரணத்தோடு ஏற்றுக்கொள்ளப்பட்டது. தெரிந்தே திருத்தாமல் விடப்படும் பக்குகளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை நான் கண்டதில்லை.

எரர், கணினி தானே வாய் திறந்து சொல்லும் புகார். ‘எரர் அடிக்குது’ என்றால் கணினி ஹேங் ஆகவில்லை, பேசுகிறது. என்ன சொல்கிறது என்று படியுங்கள். கோளாறு, காரணம் தெரியாதபோது. பழுது, ஏதோ ஒன்று நிஜமாகவே கெட்டு, பார்த்துச் சரிசெய்ய வேண்டியபோது. மக்கர், ஒரு நேரம் ஓடி ஒரு நேரம் படுத்துக்கொள்வது. மக்கர்தான் கண்டுபிடிக்க மிகக் கடினம், காட்டப் போகும்போது ஒழுங்காக ஓடும்.

எழுத்துத் தமிழில் ஹேங்கை எப்படி எழுதுவது? ‘தொங்கியது’ சரியா?

‘கணினி தொங்கியது’ என்று சில பழைய கையேடுகளில் இருக்கும். எனக்கு அது ஒட்டவே இல்லை. படிப்பவருக்குக் கயிறும் கொக்கியும்தான் நினைவுக்கு வரும். ‘உறைந்துவிட்டது’ பரவாயில்லை, திரை அசையாமல் நிற்பதைக் காட்டுகிறது. கிராஷுக்குச் ‘செயலிழந்தது’ நிலைத்துவிட்டது. ‘செயலி செயலிழந்தது’ என்று எழுத நேரும்போது மட்டும் ‘ஆப் நின்றுவிட்டது’ என்று மாற்றிவிடுவேன். சேவைக்கு ‘முடங்கியது’. இவை எதுவும் வேண்டாம், எல்லாருக்கும் உடனே புரிய வேண்டும் என்றால் ‘ஹேங் ஆகிவிட்டது’ என்றே எழுதலாம், தப்பே இல்லை. ஹாங், ஹாங்க், ஹேங்க் என்று பல எழுத்துக்கூட்டல்கள் உலவுகின்றன. ‘ஹேங்’ உச்சரிப்புக்கு நெருக்கம்.

“என் மூளையே ஹேங் ஆயிடுச்சு” என்பது?

திகைத்துப்போய்ப் பதில் வராமல் நிற்பது. வேலை அதிகமாகிக் குழம்பிய நிலைக்கும் சொல்கிறோம். மூளை கிராஷ் ஆகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை, கவனித்தீர்களா? திரும்பி வரும் என்ற நம்பிக்கை ‘ஹேங்’கில் இருக்கிறது.

பழுது பார்ப்பவருக்கு எப்படிச் சொல்வது?

ஹேங் என்ற சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். கூடவே நான்கு விஷயம் சேருங்கள்: எது நின்றது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், திரையில் சொல்லுக்குச் சொல் என்ன வந்தது, முதல்முறையா அடிக்கடியா. சமீபத்தில் ஏதாவது புதிதாக நிறுவியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் திட்டப் போவதில்லை.

“லேப்டாப் ஹேங் ஆகுது, என்னன்னு பாருங்க” என்று அனுப்பினால் அவர் பத்துக் கேள்வி கேட்க வேண்டும். இப்படி அனுப்பிப் பாருங்கள்: “மூன்று நாளாக, எக்செல்லில் பெரிய கோப்பைச் சேமிக்கும்போது மட்டும் ஜன்னல் வெளிறி ‘பதிலளிக்கவில்லை’ என்று வருகிறது. இரண்டு நிமிடத்தில் தானாகச் சரியாகிறது. மற்ற புரோகிராம்கள் நன்றாக ஓடுகின்றன. கோப்பு நெட்வொர்க் வட்டில் இருக்கிறது.” இதைப் படித்ததும் அவர் உங்கள் லேப்டாப்பைத் திறக்காமலேயே, “கோப்பை டெஸ்க்டாப்புக்கு நகலெடுத்துச் சேமித்துப் பாருங்கள்” என்று பதில் போடுவார்.